சட்டைகளுக்கு மட்டும் குளிர்

என் சமையலறை ஜன்னலுக்கும் சட்டைத் தொழிற்சாலைக்கும் நடுவே ஒரு சந்துதான். பார்க்காதே என்றால், கண்ணைக் கழற்றி வைத்துவிட்டா அடுப்பு பற்றவைப்பது? மாடியில் தகரக் கூரைக்குக் கீழே காலர் தைக்கிற என் நாத்தனார், மணிக்கட்டில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பிழிந்தாள். வியர்வை சொட்டியது. அந்தத் துணி இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டையில் கறை விழும்.

மதியம் முதலாளி எல்லோரையும் சந்துக்கு இறக்கினார். தான் பேசும்போது காரின் கதவைத் திறந்தே வைத்துக்கொள்வார், உள்ளேயிருக்கும் ஏ.சி. முதுகில் படட்டும் என்று.

"இந்த வாரமும் டார்கெட் முடியலைன்னா ஆர்டர் வேற நாட்டுக்குப் போயிடும். அங்க மலைக்காத்து, வாசல்லயே துறைமுகம். நம்ம சரக்கு கடலைப் பாக்கவே நாள் கணக்கா லாரியில போகணும். நீங்கதான் வேகமா தைக்கணும்."

கடவுள் இங்கே வைக்க மறந்த மலையையும் கடலையும் என் நாத்தனாரின் மணிக்கட்டு ஈடுகட்ட வேண்டுமாம்.

"இந்த டார்கெட்டை எப்ப சார் போட்டீங்க?" என்றாள் அவள்.

"பனிக்காலத்துல. ஏன்?"

"அப்ப பனியையும் கொண்டாந்து வைங்க."

சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. "வாய் ஓடற வேகத்துக்குக் கை ஓடட்டும். இல்லைன்னா மூடிட்டுப் போயிட்டே இருப்பேன்."

அவர் மூடினால் எங்கள் வீட்டு அடுப்பும் மூடும். அது அவளுக்கும் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு மேலே போனாள்.

சற்று நேரத்தில் பக்கத்து மிஷின்காரி மயங்கி விழுந்தாள். நாத்தனார் அவளைத் தூக்கிப்போய் பேக்கிங் அறையில் கிடத்திவிட்டு வந்தாள். அந்தக் கட்டடத்தில் ஏ.சி. அங்கே மட்டும்தான். ஈரத்தில் சட்டை பூஞ்சை பிடித்துவிடுமாம்.

சூப்பர்வைசர் ஓடிவந்தான். "அக்கா, அவங்க வேர்வை சட்டையில பட்டுடும். வெளிய படுக்க வைங்க."

நாத்தனார் அவனைத் தாண்டிப் போனாள். தன் இடத்துக்குத் திரும்பி பிளக்கைப் பிடுங்கினாள். மிஷினை மேசையோடு இழுக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"வேகமா தைக்கப் போறேன் தம்பி. உங்க முதலாளி சொன்ன மலைக்காத்து அந்த ரூம்லதான் இருக்கு. தள்ளிக்கோ."

அந்த அறை என் ஜன்னலுக்குத் தெரியாது. இரும்புக் கால்கள் தரையைக் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் ஒன்று. பிறகு இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

கீழே போனில் பேசிக்கொண்டிருந்த முதலாளி கார்க் கதவைச் சாத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். வெயிலில் அவருடைய சட்டை மெல்ல முதுகோடு ஒட்டத் தொடங்கியது.