கெட்டி பிலிம்

பல்கலைக்கழகத்தின் பெரிய வாசலுக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் என் ஜெராக்ஸ் கடை. இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் குப்பை கொட்டுகிறேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, பிள்ளைகளுக்கு மட்டும் நான் இன்னும் அண்ணாதான். அவர்கள் வருகிறார்கள், மூன்று வருடமோ ஐந்து வருடமோ இருக்கிறார்கள், போய்விடுகிறார்கள். நான் பாஸும் ஆகாமல் பெயிலும் ஆகாமல் வாசலிலேயே நிற்கிறேன்.

அட்மிஷன் விஷயத்தில் உள்ளே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று அடித்துச் சொல்வேன். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை நகல், எந்த வரிசை வேகமாக நகரும், போட்டோவின் மேல் கையெழுத்து விழலாமா கூடாதா, எல்லாம் எனக்கு மனப்பாடம். பெற்றோர்கள் முதலில் என்னிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நானும் சும்மா சொல்ல மாட்டேன், நாலு திட்டு திட்டிவிட்டுத்தான் சொல்வேன். மதிப்பெண் சான்றிதழை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிடுங்கி வைத்துக்கொண்டு, லேமினேஷன் போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன்.

அது எனக்கு ஒரு கிறுக்கு. மெஷின் வாங்கிய நாளிலிருந்து, முக்கியமான காகிதம் எதைப் பார்த்தாலும் பிளாஸ்டிக்குக்குள் போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். எங்கள் கல்யாணப் பத்திரிகை, கடையின் வாடகைச் சீட்டு, மகள் முதன்முதலில் கிறுக்கிய தாள் எல்லாம் லேமினேஷனில் இருக்கின்றன. ஒருநாள் நான் தன்னையும் அந்த மெஷினுக்குள் விட்டு எடுத்துவிடுவேன் என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அவளுக்குப் பின்பக்க மேஜை. ஆராய்ச்சி மாணவர்களின் தீசிஸ்களுக்கு அவள்தான் பைண்டிங் போடுகிறாள். எங்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டதும் அந்த மேஜைக்கு அடியில்தான் உட்கார்ந்திருப்பாள். அச்சு சரியில்லை என்று ஒதுக்கிய பக்கங்கள்தான் அவளுக்குக் கதைப் புத்தகம். பதினோரு வயதில், குடிதண்ணீரில் இருக்கிற கிருமிகளைப் பற்றி யாரோ எழுதிய தீசிஸின் கலர் படங்கள் நாலைந்து அவள் கையில் கிடைத்தன. அன்றிலிருந்து நுண்ணுயிரியல் என்று ஒரே பிடியாக நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் டாக்டருக்குப் படிக்கவில்லையா என்று கேட்டால், கிருமி பக்கம் பேச ஆள் வேண்டாமா என்பாள்.

பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்புக்கு முப்பத்தெட்டு இடம். இரண்டாவது பட்டியலில், முப்பத்தேழாவதாக அவள் பெயர் வந்தது. அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன், பேனா ரிஃபில் வாங்க வந்தவனிடம்கூடச் சொன்னேன். இங்கே ஒரு வருடக் கட்டணத்தை அட்மிஷன் சீசனில் ஒன்றரை மாதத்தில் நான் சம்பாதித்துவிடுவேன். இதே படிப்பு தனியார் கல்லூரியிலும் இருக்கிறது, விசாரித்தேன். கடையையும் மெஷின்களையும் என்னையும் சேர்த்து எடை போட்டு விற்றாலும் இரண்டாவது வருடத்துக்குப் பற்றாது. இந்த இடம் இல்லையென்றால் அவளுக்குப் படிப்பே இல்லை. இது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

மதிப்பெண் சான்றிதழ் கைக்கு வந்தது அதற்கு மூன்று வாரம் முன்னால். வந்த அன்றே லேமினேஷன் போட்டேன். மற்றவர்களுக்குப் போடுகிற மெல்லிய பிலிமைத் தொடவில்லை. ஓட்டல்களின் மெனு அட்டைக்கு என்று வைத்திருந்த இருநூற்றைம்பது மைக்ரான் பிலிம், கடையில் இருப்பதிலேயே கெட்டியானது, அதை எடுத்தேன். ஒரு கொப்புளம்கூட நிற்கக் கூடாது என்று சூட்டைக் கூட்டி வைத்து இரண்டு தடவை உள்ளே விட்டேன். பலகை மாதிரி வந்தது. பைக்குள் வளைய மாட்டேன் என்கிறது, இவ்வளவு கெட்டி எதற்கு என்று மகள் சிணுங்கினாள். வளையக் கூடாது என்றுதான் போட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

சேர்க்கை நாளன்று காலை எட்டு மணிக்கே அம்மாவும் மகளும் டோக்கன் வாங்கப் போய்விட்டார்கள். எனக்குக் கடையில் தலைக்கு மேல் வேலை. பத்து மணி இருக்கும், ஒரு பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். போன வாரம் நான் லேமினேஷன் போட்டுக் கொடுத்த சான்றிதழ் அவன் கையில் இருந்தது. இது செல்லாதாம், காகிதமாகக் கொண்டு வரச் சொல்கிறார்கள் என்றான். உள்ளே இருக்கிறவர்களுக்கு மூளை மழுங்கிவிட்டது, இருபத்திரண்டு வருடமாக வாங்கிக்கொண்டுதானே இருந்தார்கள் என்று நான் சத்தம் போட்டேன். அவன் போவதற்குள் இன்னொரு பெண் வந்தாள். அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். அப்போதுதான் மகளும் லேமினேஷன் போட்டதைத்தான் எடுத்துப் போயிருக்கிறாள் என்று எனக்கு உறைத்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடினேன்.

சரிபார்ப்புக் கவுண்டரில் இருக்கிற அம்மாவைப் பத்து வருடமாகத் தெரியும். அவருடைய வீட்டுப் பத்திரத்துக்கே நான்தான் நகல் எடுத்துக் கொடுத்தேன். என் மகள் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள், அவள் அம்மா சுவரோரமாக முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன வருடம் சிலர் இரண்டு இடத்தில் சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு கடைசியில் ஒன்றைக் காலியாக விட்டுவிட்டார்களாம். அதனால் இந்த வருடம், இங்கே சேர்ந்தாயிற்று என்று சான்றிதழின் முன்பக்கம், மதிப்பெண்களின் மேலேயே முத்திரை குத்தச் சொல்லிப் புது உத்தரவு. அந்த அம்மா என் கண் முன்னாலேயே பிளாஸ்டிக்கின் மேல் ஒரு தடவை குத்திக் காட்டினார். விரலால் துடைத்தார், மை அப்படியே வந்துவிட்டது.

"மார்க்கு கம்ப்யூட்டர்லயே தெரியுதுண்ணா, அது பிரச்சினை இல்ல. முத்திரை காகிதத்துல விழணும். மூணு மணிக்குள்ள எப்படியாவது காகிதமா கொண்டு வாங்க. அதுக்கு மேல சீட்டு வெயிட்டிங் லிஸ்டுக்குப் போயிடும், என் கையில இல்ல," என்றார்.

தேர்வுத் துறையில் டூப்ளிகேட் சான்றிதழ் வாங்கலாம்தான். விண்ணப்பித்தால் நாற்பது நாள் ஆகும். அந்த விண்ணப்பத்தையும் என் கடையில்தான் விற்கிறேன்.

மகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தால், வாசலில் பதினோரு பேர் நிற்கிறார்கள். பதினோரு சான்றிதழும் என் கைங்கரியம். ஒரு தகப்பனார், நான் அவருடைய பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டதாகத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். லேமினேஷன் போட்டிருக்கிறேனே தவிர, இதுவரை ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. பிரிக்க வேண்டி வரும் என்று யார் நினைத்தார்கள்?

மெஷினைச் சூடாக்கினேன். முதலில் ஒரு வெற்றுத்தாளில் போட்டுப் பிரித்துப் பார்த்தேன். அப்புறம் அந்தப் பையனுடையதை எடுத்தேன். ஓரத்தை நறுக்கி, மறுபடி சூட்டில் விட்டு எடுத்து, ஆறுவதற்குள் பிளேடால் ஒரு மூலையைக் கிளப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இழுத்தேன். வந்துவிட்டது. காகிதம் கொஞ்சம் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். மட்டமான சரக்கு என்று நான் திட்டிக்கொண்டே வாங்கும் மெல்லிய பிலிம், பசை குறைவு, அதனால் சமர்த்தாகக் கழன்றது. சற்றுமுன் கத்திய தகப்பனார் என் தோளைத் தட்டினார். ஒருவர் பின் ஒருவராக வாங்கிக்கொண்டு சாலையைத் தாண்டி ஓடினார்கள்.

என் மகள் கடைசியாக நின்றாள். நான்தான் நிற்கச் சொன்னேன். மற்றவர்கள் முதலில் போகட்டும் என்று நல்லவன் மாதிரி சொன்னேனே ஒழிய, உண்மை அதுவல்ல. அவர்களுடைய காகிதத்தில் என் கை பழகட்டும், பழகிய கையோடு இவளுடையதைத் தொடலாம் என்று நினைத்தேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

பதினொன்றும் முடிந்தபோது மணி ஒன்று. எனக்குப் பழைய தெனாவட்டு திரும்பியிருந்தது. மகளுடையதைச் சூட்டில் விட்டேன். பிலிம் அசைந்து கொடுக்கவில்லை. இன்னும் சூட்டைக் கூட்டினேன். மூன்றாவது தடவை ஒரு மூலை கிளம்பியது. எழுத்தில்லாத ஓரம், அதில் காகிதத்தின் மேல்தோல் லேசாக வெள்ளையாகப் பிலிமோடு வந்தது. என் மனைவி கொஞ்சம் பொறுங்கள், வேறு யாரையாவது கேட்டுப் பார்க்கலாம் என்றாள். இந்த ஊரில் இதைக் கேட்பதற்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள் என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

"அப்பா, நிறுத்துங்கப்பா. வேணாம்," என்றாள் மகள்.

சூடு ஆறிவிட்டால் இந்த மூலையும் திரும்ப ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் நான் இழுத்தேன்.

துணி கிழிகிற சத்தம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிலிமைத் தூக்கிப் பார்த்தேன். அவளுடைய பதிவு எண், ஆறு பாடங்களின் மதிப்பெண்கள், மொத்தம் எல்லாம் பிலிமில் ஒரு புள்ளி விடாமல் இருந்தன. காகிதத்தில் அந்த இடமெல்லாம் பஞ்சு பஞ்சாக வெள்ளை. நான் இரண்டு தடவை சூட்டில் விட்டு ஊற வைத்த பசை, மையைத் தன்னோடு எடுத்துக்கொண்டுவிட்டது. ஊரார் பிள்ளைகளுக்கு மட்டமான பிலிம் போட்டேன், பிழைத்துக்கொண்டார்கள். என் பிள்ளைக்கு நான் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடினோம். கவுண்டர் அம்மா பிலிமைக் காகிதத்தின் மேல் பொருத்திப் பார்த்தார். எழுத்து கச்சிதமாக உட்கார்ந்தது, எல்லாமே படிக்க முடிந்தது. எழுந்து, அதை மாடிக்கு, துணைப் பதிவாளரிடம் எடுத்துப் போனார். அவர் வருகிற வரைக்கும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். வரிசையில் நின்றவர்கள் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அந்த மரியாதையே எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் இறங்கி வந்த விதத்திலேயே பதில் தெரிந்துவிட்டது. சேதமான ஒரிஜினல், ஏற்க முடியாது என்று துணைப் பதிவாளர் சொல்லிவிட்டாராம். நான் கையைக் கூப்பிக்கொண்டு என்னென்னவோ சொன்னேன். இருபத்திரண்டு வருடம் இந்த வாசலிலேயே கிடக்கிறேன் என்றேன், தப்பு என்னுடையது, குழந்தையுடையது இல்லை என்றேன், நாற்பது நாள் மட்டும் இடத்தை வையுங்கள் என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"எனக்கும் பொண்ணு இருக்குண்ணா. இந்தப் பேப்பர்ல எதை நம்பி நான் முத்திரை குத்தறது, நீங்களே சொல்லுங்க," என்றார் அந்த அம்மா. அவருடைய கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது?

மூன்று மணிக்கு அவர் கணினியில் ஏதோ தட்டினார். மகளின் பெயருக்கு நேரே காலியிடம் என்று வந்தது. அவள் அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

கடைக்குத் திரும்பியதும் நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி பின்பக்க மேஜையில் பாதியில் விட்ட தீசிஸை எடுத்து ஊசியைக் கோக்கப் பார்த்தாள், நூல் நுழையவே இல்லை. மகள் அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. நாலு வார்த்தை கேட்டிருந்தாலாவது எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருக்கும். அந்தச் சான்றிதழை ஒரு உறைக்குள் போட்டு, மேலே தூசி படாமல் அலமாரியில் வைத்துவிட்டு வந்து நின்றாள்.

நாலே கால் மணிக்கு ஒரு பெண் ஓடி வந்தாள். அவளுடைய அம்மா பின்னாலேயே செருப்பு அறுந்து இழுத்துக்கொண்டு வந்தாள். இப்போதுதான் போன் வந்ததாம், வெயிட்டிங் லிஸ்டில் இருந்தாளாம், யாரோ சேரவில்லையாம், ஐந்து மணிக்குள் சேர வேண்டுமாம். நுண்ணுயிரியல். நாலு செட் நகல் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சான்றிதழை நீட்டினாள். மெல்லிய, வெறும் காகிதம். ஒரு ஓரத்தில் எண்ணெய்க் கறைகூட இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவள் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

வாங்கினேன். மெஷினின் மூடியைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது, வாடிக்கையாளர் முன்னால் அதற்கும் தைரியமில்லை.

மகள் பக்கத்தில் வந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். கண்ணாடியில் ஓரம் பார்த்து வைத்தாள். நாலு செட் எடுத்தாள். எது மேலே எது கீழே என்று வரிசைப்படுத்தி, மூலையில் பின் அடித்து, ஒரிஜினலைத் தனியாக ஒரு உறையில் போட்டுக் கொடுத்தாள்.

"எங்க குடுக்கணும்க்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"உள்ள போனதும் இடது பக்கம், மூணாவது கவுண்டர். அந்த மேடம் நல்லவங்க, பயப்படாதீங்க. மணி ஆயிடுச்சு, ஓடுங்க," என்றாள் என் மகள்.

அந்தப் பெண் சாலையைத் தாண்டி வாசலுக்குள் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கடையில் நின்றுகொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, "அடுத்து யாரு?" என்றாள்.