இருபத்தெட்டில் இரண்டு

லிஃப்ட் ஆய்வாளருக்கு அன்று மூன்று கட்டடங்களில் வேலை. முதல் கட்டடத்துக்குப் போகும் வழியில், மேம்பாலத்தின் ஏற்றத்தில் கார் மூச்சு வாங்கியது. முகப்பில் சிவப்பாக ஒரு முக்கோணம் எரிந்தது. பின் சீட்டுக்குப் பக்கத்திலிருந்து மின்விசிறி ஒன்று அலறத் தொடங்கியது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். ஓரமாக நிறுத்தி, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கிளப்பினார். விளக்கைக் காணோம். அலறலும் இல்லை.

பெட்ரோலிலும் மின்சாரத்திலும் மாறி மாறி ஓடும் ஹைப்ரிட் கார் அது. வாங்கிப் பதின்மூன்று வருடம். இரண்டு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. தெருமுனைக்கு வந்தாலும் சத்தமே கேட்காது என்பதால் வீட்டில் அதற்குப் பெயர் பூனை. இத்தனை வருடத்தில் டயர், பிரேக், எண்ணெய் தவிர அது எதையும் கேட்டதில்லை. ஆய்வாளர் அதைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளாத விருந்து வீடு கிடையாது.

அந்த முக்கோணத்தைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரில் பாட்டுக் கேட்பதை நிறுத்தினார். ஏ.சி.யை நிறுத்தினார். மேம்பாலத்தைத் தவிர்த்து, சந்துபொந்தெல்லாம் சுற்றிப் போனார். சிக்னலில் நிற்கும்போது பின்பக்கம் தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்துவிட்டு வருவார்.

அவர் மனைவி வீடுகளுக்குத் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக் கொடுப்பவள். துணியும் பஞ்சும் பூனையில்தான் வந்துபோகும். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே ஒன்பது நாள் இதைப் பார்த்தாள். பத்தாவது நாள் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, பூனை வெளியில நிக்குது. நீங்க எதுக்குக் குட்டி போட்ட பூனை மாதிரி உள்ள சுத்துறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"இந்த வெயில்ல ஏ.சி. போடாம என்னை வேக வச்சுக் கூட்டிட்டு வந்தீங்களே, அதுவும் ஒண்ணுமில்லையா?"

வேறு வழியில்லாமல் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. "உடம்புக்கு முடியலன்னா டாக்டரைப் பார்க்கணும். ஒளிச்சு வச்சா சரியாயிடுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனார். காபி கொடுத்தார்கள். கண்ணாடி அறைக்குள்ளிருந்த இளைஞன் ஒரு தாளை நீட்டினான். பெரிய பேட்டரியை முழுசாக மாற்றவேண்டுமாம். தாளின் அடியில் இருந்த தொகையை இரண்டு முறை படித்தார். காரை விற்றால்கூட அவ்வளவு வராது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான் போலும். காபியை மிச்சம் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

தெரிந்த ஒருவர் சொல்லி, ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு மெக்கானிக்கைக் கண்டுபிடித்தார். ஹைப்ரிட் வண்டிகளை மட்டுமே பார்க்கிறவர். தடித்த கண்ணாடி. அளந்து பேசுவார். கைக்கு முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, முதலில் மின் இணைப்பைத் துண்டிக்கும் பிளக்கைப் பிடுங்கி, தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யாராச்சும் தெரியாம மாட்டிட்டா நான் கருகிடுவேன் சார்" என்றார் சாவகாசமாக.

பின் சீட்டைக் கழற்றி, பெட்டியைத் திறந்தார். உள்ளே புத்தக அலமாரிபோல இருபத்தெட்டு பேட்டரிகள் வரிசையாக நின்றன. மீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அளந்து, சாக்கட்டியால் மேலே எழுதிக்கொண்டே வந்தார். இரண்டின்மேல் மட்டும் பெருக்கல் குறி போட்டார்.

"ரெண்டு போச்சு. மத்ததெல்லாம் கிழடு. ஆனா நிக்குது."

"ரெண்டை மட்டும் மாத்தினா?"

"மாத்தலாம். காசு கம்மி. ஆனா அடுத்தது எப்போ விழும்னு எனக்குத் தெரியாது. ஆறு மாசமும் ஆகலாம், ஆறு நாளும் ஆகலாம். உழைக்கற வண்டின்னா முழு செட்டும் மாத்தறதுதான் நல்லது. புதுசு வேணாம்னா, நானே நல்லதாப் பொறுக்கிக் கட்டின செட்டு இருக்கு. பாதி விலை. ரெண்டு வருஷத்துக்கு எழுதிக் கொடுப்பேன்."

"இது ஏன் இப்படி ஆச்சு?"

மெக்கானிக் கழற்றிய சீட்டைத் தன் பக்கம் திருப்பினார். பின் சீட்டின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வலைத் தட்டு இருந்தது. அதைக் கழற்றிக் காட்டினார். அந்த வழியாகத்தான் பேட்டரிக்குக் குளிர்ந்த காற்று போகவேண்டும். தட்டின் பின்னால் மெத்தைப் பஞ்சு கெட்டியாக அப்பியிருந்தது.

"பஞ்சு பாதிதான் சார். இங்க எதையோ எப்பவும் சாத்தி வைப்பீங்க போல. பாருங்க, சீட்டுல அச்சு விழுந்திருக்கு. மூச்சு முட்டி, சூட்டுலயே வெந்திருக்கு."

சீட்டில் சதுரமாக ஒரு தடம். அது எதனுடைய தடம் என்று ஆய்வாளருக்கு உடனே தெரிந்துவிட்டது. அவருடைய கருவிப் பெட்டி. எட்டு வருடமாக அதே இடத்தில்தான் வைக்கிறார். லிஃப்ட் மோட்டார் அறையில் காற்று வழியை மறைத்து அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்தால், கட்டடக்காரர்களை நிற்க வைத்துக் கேட்கிற மனிதர் அவர். "மோட்டாருக்கும் மூச்சு விடணும்யா" என்பது அவருடைய வாய்ப்பாடு.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். வழியில் முக்கோணம் மறுபடி எரிந்தது, இந்த முறை அணையவில்லை. வீட்டில் மனைவியிடம், "எல்லாம் உன் பஞ்சு பண்ணின வேலை" என்றார். பெட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் முகம் வாடியதைப் பார்த்தும் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, பழைய கார் வாங்கி விற்பவன். காகம் உட்காரும் மரத்துக்கே விலை பேசி முடித்துவிடுவான்.

"எதுக்கு மாமா செலவு? இதைப் பாருங்க" என்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியை எடுத்து ஆட்டினான். "மாட்டி ஒரு தட்டு தட்டினா விளக்கு அழிஞ்சிடும். மறுபடி வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதுக்குள்ள தள்ளிடலாம்."

"வாங்கறவன்?"

"பதிமூணு வருஷத்து வண்டியைப் பதிமூணு வருஷத்து வண்டின்னு தெரிஞ்சுதானே வாங்கறான்? நாம என்ன புதுசுன்னா சொல்றோம்?"

மனைவி மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு இது பிடிக்கல" என்றாள். ஆய்வாளர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததையே மச்சினன் சம்மதமாக எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்வான் என்பது ஆய்வாளருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாங்க வந்தவள் ஒரு பெண். நாற்பதை நெருங்கும் வயது, குட்டையாக வெட்டிய முடி, அகன்ற தோள். பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பவள். விடிவதற்கு முன்னாலேயே குளத்தில் இருக்கவேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அதனால்தான் கார் தேடிக்கொண்டிருந்தாள். ஆய்வாளரைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"சார், நீங்களா? எங்க கட்டடத்து லிஃப்டை மூணு வாரம் மூடி வச்சீங்களே, ஞாபகம் இருக்கா? நான் ஆறாவது மாடி. ஏறி இறங்கறப்ப எல்லாம் உங்களை நல்லா வாழ்த்தினேன்."

"கயிறு..." என்றார் ஆய்வாளர்.

"ஆமா, கயிறு பாதி அறுந்திருந்துச்சாம். அப்புறம்தான் சொன்னாங்க. கையெழுத்துப் போடச் சொல்லி எவ்வளவோ கெஞ்சியும் நீங்க மசியலையாமே? ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர்றதா இருந்தேன். உங்க வண்டின்னா இனி அது வேணாம்."

மச்சினன் முகம் பூரித்துப் போனது. அவள் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். பூனை சத்தமில்லாமல் வந்து நின்றது. இறங்கியவள் ஆய்வாளரிடமே கேட்டாள்.

"நீங்களே சொல்லுங்க சார். ஏதாவது குறை இருக்கா?"

ஆய்வாளர் காரைப் பார்த்தார். "பழைய வண்டிம்மா" என்றார். "பழசுக்கு உள்ள குறை எல்லாம் இருக்கத்தான் செய்யும்."

"அது எனக்கும் இருக்கு" என்று சிரித்து, அவள் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? போன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டது. அடிக்காவிட்டால் எடுத்து எடுத்துப் பார்த்தார். குளியலறைக்கும் கொண்டுபோனார். ராத்திரி தூக்கம் அண்டவில்லை. சொன்ன வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப உருட்டிப் பார்த்தார். பொய் ஒன்றும் இல்லையே, சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மைதானே என்று தனக்குள் வழக்காடினார். வழக்கில் ஜெயித்தும் நிம்மதி இல்லை. மனைவி அவரோடு தேவைக்குமேல் பேசவில்லை.

ஆறாவது நாள் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் ஆய்வு. கட்டட மேலாளர் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே கேட்டார்.

"பிரேக் எப்படி சார் இருக்கு? பயமில்லையே?"

பிரேக் கட்டை தேய்ந்து கடைசியில் இருந்தது. ஆய்வாளர் வாயைத் திறந்தார். "பழைய லிஃப்ட்தானே, பழசுக்கு உள்ள..." என்று வந்துவிட்டது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பிரேக் மாற்றும்வரை லிஃப்டை ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த கட்டடத்துக்குப் போகாமல் டாக்ஸி பிடித்து நேரே நீச்சல் குளத்துக்குப் போனார்.

குளோரின் வாசனை மூக்கைத் துளைத்தது. இருபது பிள்ளைகள் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். வகுப்பு முடியும்வரை ஈரத் தரையில் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் வந்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். முக்கோணம், இரண்டு பேட்டரி, அழித்த விளக்கு, எல்லாம்.

அவள் துண்டால் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடிக்க நேரமானது.

"ரெண்டு பிள்ளைங்களைத் தினமும் அந்த வண்டியிலதான் கூட்டிட்டு வர்றேன். இருட்டுல. மேம்பாலத்து மேல நின்னிருந்தா என்ன சார் பண்ணியிருப்பேன்?"

ஆய்வாளர் ஷூவைக் கை மாற்றிக்கொண்டார்.

"மெக்கானிக் வேணாம்னு நான் சொன்னேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே. இப்ப எதுக்கு வந்தீங்க? உங்களுக்குத் தூக்கம் வரலைங்கறதுக்காகவா?"

"பணத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன்மா. வண்டியை நான் எடுத்துக்கறேன்."

"நல்லா இருக்கே! இருந்த ஸ்கூட்டரை வித்துட்டுத்தான் இதை வாங்கினேன். நாளைக்குக் காலையில குளத்துக்கு நீந்தியா வருவேன்? எனக்குப் பணம் வேணாம். ஓடற வண்டி வேணும். நீங்க எப்படிப்பட்ட வண்டின்னு நினைக்க வச்சு வித்தீங்களோ, அதைக் கொடுங்க."

அது நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது. அவள் குரல் உயரவே இல்லை, உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் குளத்தில் நடந்ததைச் சொன்னார். பிறகு கருவிப் பெட்டியைப் பற்றியும் சொன்னார். அவள் துணியை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் நின்றது.

"ரெண்டு வாரமா நான் என் பஞ்சை நினைச்சு நினைச்சு செத்துட்டு இருக்கேன். பாதி உங்க பெட்டின்னு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் பாத்திரங்கள் மட்டும் பேசின. பிறகு வந்து, தம்பிக்குப் போன் போட்டாள். "உன் காரை ரெண்டு நாளைக்கு உன் மாமாவுக்குக் கொடு. ஏன்னு கேட்காதே. கேட்டா வண்டை வண்டையா வரும்" என்றாள். மச்சினன் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, வாசலோடு திரும்பிப் போனான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

பூனை மெக்கானிக்கிடம் போனது. அவர் பொறுக்கிக் கட்டிய செட்டை மாட்ட இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு விடியற்காலையும் ஆய்வாளர்தான் மச்சினன் காரில் நீச்சல் டீச்சரையும் பிள்ளைகளையும் குளத்துக்குக் கொண்டுபோய் விட்டார். முதல் நாள் அவள் பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து, வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாள், பின் சீட்டில் நீச்சல் பைகள் இடத்தை அடைத்துக்கொண்டதால், ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். பாதி வழியில், "லிஃப்ட் நடுவுல நின்னா உண்மையிலேயே கீழ விழுமா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு பிள்ளை கேட்டது.

"விழாது. பிடிக்கறதுக்கு அடியில தனியா ஒண்ணு இருக்கும்" என்றார் ஆய்வாளர். "நான் பார்த்ததுன்னா..." என்று தொடங்கி, அவளை ஓரக்கண்ணால் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கினாளா, கோபத்தை அடக்கினாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் மெக்கானிக் சாவியை அவளிடம் கொடுத்தார். "அஞ்சு வருஷமும் ஓடலாம். ஆனா என் பேச்சு ரெண்டுக்குத்தான்" என்று சொல்லி, தாளையும் கொடுத்தார். மாதம் முழுக்கச் சம்பாதித்ததும் அதற்குமேல் பாதியும் ஆய்வாளருக்கு அதில் போயிற்று. புதுக் கார் என்கிற பேச்சே அந்த வருடம் எழாது.

அவள் காரில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"எங்க போகணும் சார்? இறக்கி விடவா?"

"வேணாம்மா. பஸ் இருக்கு."

அவள் வற்புறுத்தவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கார் ரயில் கேட்டைத் தாண்டித் திரும்பும்வரை ஆய்வாளர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கவேண்டும். கருவிப் பெட்டியை மடியில் வைத்து அதன்மேல் கையை வைத்திருந்தார், அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தபோது பஸ் கடைசி நிறுத்தத்தில் காலியாக நின்றது. கண்டக்டர் அவர் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, இதுக்கு மேல ரோடு இல்ல. இறங்குங்க."

ஆய்வாளர் இறங்கி, வந்த வழியே நடக்கத் தொடங்கினார்.