அரிசிதானே

“வேற ஏதாவது மருந்து எடுத்துக்கிட்டாரா?” என்று டாக்டர் கேட்டது அவளிடம்தான். “கொழுப்பு மாத்திரை மட்டும்தான் சார்” என்றாள். அப்போது அப்பாவின் தொடைகள் கல்லாக இறுகியிருந்தன. கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையில் கடுந்தேநீரின் நிறம்.

இப்போது கூடத்தில் அப்பா வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். அவள் அடுக்களையில் வந்தவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அத்தை உள்ளே வந்து சுவரில் சாய்ந்தாள். அப்பாவின் அக்கா. அப்பாவுக்கு அந்தக் கேப்சூல் பாட்டிலைக் கொண்டுவந்தவள்.

“சின்ன வயசுலேர்ந்தே உனக்குக் கொழுப்புதான்டா. டாக்டர் மாத்திரையோட இதையும் போடு, அடங்கும்” என்று அதைக் கொடுத்த அன்றைக்கு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“மருந்தாக்கா?”

“சிவப்பு அரிசிடா. கடையில டாக்டர் சீட்டே கேக்கல. நானும் ரெண்டையும்தான் போடறேன்.”

அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் அரிசி. ‘அரிசி போட்டாச்சா?’ என்று அவளே அப்பாவைக் கேட்பாள். மருந்து என்று டாக்டர் கேட்டபோது அது நினைவில் எழவே இல்லை.

அப்பா பஸ் ஓட்டுநர். பிரேக்கை மிதிக்கக் கால் வரவில்லை என்று வண்டியை ஓரங்கட்டி இறங்கியவர், பிறகு ஏறவில்லை. அவருடைய சீருடைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது நேரம் கடந்திருந்தது. “இது வெறும் அரிசி இல்லம்மா, பூஞ்சை போட்டுப் புளிக்கவச்சது. அந்த மாத்திரையில இருக்கிற அதே மாதிரி சரக்கு இதுலயும் இருக்கு. ரெண்டும் சேர்ந்து தசையை உடைச்சிருக்கு. கிட்னி தாங்கல” என்றார் டாக்டர். அதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

“தொடையெல்லாம் விண்விண்ணுன்னு தெறிக்குதுடி” என்றாள் அத்தை. “ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சதுதான்.”

டீ டம்ளரைத் தாண்டி வழிந்தது. அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்தது ஒரே முறை. காரில். மேலே போனது லிஃப்டில்.

“அத்தை, ஒண்ணுக்குப் போறப்ப கலர் மாறியிருக்கா?”

“செத்த வீட்டுல கேக்கற கேள்வியாடி இது?”

“மாறியிருக்கா?”

தொடையைத் தடவிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது.

“அந்த அரிசியை விட்டுடுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“அரிசிதானேடி...”

“அப்பாவும் அப்படித்தான்...”

அத்தை கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். துணிக்கு வெளியே தம்பியின் பாதங்கள் தெரிந்தன. கைப்பையைத் திறந்து, பாட்டிலை எடுத்து, டீ டம்ளர்களுக்கு நடுவில் வைத்தாள்.

“நில்லுங்கத்தை, நானும் வரேன்.”

அவள் அடுப்பை அணைத்துத் திரும்புவதற்குள் அத்தை வாசலில் இருந்தாள். குவிந்துகிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைக் காலால் துழாவினாள். கிடைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள்.