ஸ்பீக்கர் பெட்டியின் மேல்

பென்சிலின் ரப்பர் முனையால் முனீரா, கிட்டார் ஒலியைப் பெருக்கும் அந்தக் கண்ணாடி டியூபை மெதுவாகத் தட்டினாள். கடையின் சோதனை ஆம்ப்ளிஃபையரிலிருந்து ‘தொப்’ என்று மங்கலாக ஓர் ஒலி வந்து அடங்கியது. குறை எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது. இதே டியூப்தான், நேற்றைய ஒத்திகையில் அவளுடைய ஆம்ப்ளிஃபையருக்குள், பாட்டின் கடைசிச் சுரத்தை அவள் கிட்டாரில் இழுத்துப் பிடித்திருந்தபோது, யாரோ மணியடித்ததுபோல் கிணுகிணுத்தது.

“தேக்கா மார்க்கெட்ல தேங்கா வாங்குற மாதிரியில்ல தட்டுறீங்க,” என்றார் கடைக்காரர் அப்துல் அலீம். “அது நல்லாத்தான் இருக்கு அக்கா. இன்டர்நெட்ல படிச்சுட்டு வந்து நீங்களே கேட்டு வாங்கினது. கடையிலயே பெஸ்ட் லா.”

முனீரா டியூபை மறுபடி தட்டிப் பார்த்தாள். நாளை டோபி காட் பக்கம் ஓர் அரங்கில் நிகழ்ச்சி. மேடைச் சோதனையில் மறுபடி மணியடித்தால் ஆம்ப்ளிஃபையரை ஓரம்கட்டிவிட்டு டியூபே இல்லாத டிஜிட்டல் பெட்டியில்தான் வாசிக்க வேண்டும் என்று குழுவை நடத்தும் சேதுபதி சொல்லிவிட்டார். அந்தப் பெட்டியில் இரைச்சலே வராது. ஆனால் ஒலி ஓரளவுக்குக் கீழே தேய்ந்ததும் அதையும் இரைச்சலென்று எண்ணி வெட்டிவிடும். அவள் அந்தப் பாட்டை வாசிப்பதே அந்தத் தேய்வுக்காகத்தான். சுரம் எங்கே முடிந்தது, மௌனம் எங்கே தொடங்கியது என்று தனக்கே தெரியாமல் போகும் அந்த இடத்துக்காக.

அலீம் டீயை ஆற்றிக் குடித்தார். அவள் வெகுநேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் ஆம்ப்ளிஃபையர். கீழே, தள்ளி, தரையில் ஸ்பீக்கர். அவளுடைய சொந்த ஆம்ப்ளிஃபையரில் இரண்டும் ஒரே பெட்டிக்குள். டியூப்கள் ஸ்பீக்கருக்கு மேலே தலைகீழாகத் தொங்கும். ஸ்பீக்கர் அதிரும்போதெல்லாம் அவையும் அதிரும்.

“அலீம், இதத் தூக்கி ஸ்பீக்கர் மேல வைக்கலாமா?”

“உழுந்துச்சுன்னா?”

“நான் புடிச்சுக்குறேன்.”

வைத்தார்கள். ஒரு கையால் ஆம்ப்ளிஃபையரை அணைத்துக்கொண்டு, கடையின் கிட்டாரில் தடித்த கம்பியை அவள் மீட்டினாள். கிணுகிணுவென்று அதே மணி. அலீம் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இவ்ளோ நாளா மேசையில வச்சுத்தான் பாத்து வித்துக்கிட்டிருக்கேன்,” என்றார் மெதுவாக.

பிறகு ஒவ்வொன்றாக ஸ்பீக்கர் மேலேயே சோதித்தார்கள். பேர்பெற்றவை, உள்ளே அதிர்வில் சட்டென்று நடுங்கும் உயரமான தகடுகள் கொண்டவை, ஒன்று மிச்சமில்லாமல் மணியடித்தன. டிராயரின் மூலையில் குட்டைத் தகடுகளோடு ஒன்று கிடந்தது. எழுத்துகூடப் பாதி அழிந்திருந்தது. அதைப் பொருத்தி மீட்டியபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அலமாரி அதிர்ந்தது, டியூப் மட்டும் வாய் திறக்கவில்லை.

“இதையா? சும்மா குடுத்தாலும் யாரும் தொடமாட்டான் அக்கா.”

“அப்ப எனக்காகத்தான் இருந்திருக்கு.”

மறுநாள் மாலை, நிகழ்ச்சிக்கு முந்திய மேடைச் சோதனையில், சேதுபதி டிஜிட்டல் பெட்டியை அவள் காலருகே கொண்டுவந்து வைத்தார். “எதுக்கும் பக்கத்துல இருக்கட்டும் முனீரா. இன்னிக்கு ரிஸ்க் எடுக்க முடியாது.”

தலையசைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் ஒலியளவை ஒத்திகையில் வைத்ததைவிடக் கூட்டினாள். சேதுபதி எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. கடைசிச் சுரத்தை அவள் மீட்டியபோது மேடைப் பலகை உள்ளங்காலில் துடித்தது. மணியடிக்கவில்லை. சுரம் அரங்கின் பின்வரிசைவரை போய் நின்றது. பிறகு அவசரமே இல்லாமல் மெலிந்துகொண்டே வந்தது. டிரம்ஸ் வாசிப்பவர் குச்சிகளைத் தூக்கியபடி காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் ஏர்கான் சத்தம் மட்டும் கேட்டது. அது எப்போது கேட்கத் தொடங்கியதென்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

முனீரா கம்பியிலிருந்து விரலை எடுக்கவில்லை. சேதுபதி குனிந்து, டிஜிட்டல் பெட்டியின் வயரைப் பிடுங்கி முழங்கையில் சுற்றத் தொடங்கினார். ஆம்ப்ளிஃபையரின் திறந்த பின்பக்கத்திலிருந்து வந்த டியூப்களின் ஆரஞ்சு வெளிச்சம், சுற்றுக்குச் சுற்று அவர் கைமேல் விழுந்து விழுந்து எழுந்தது.