கண்ணாடியில் தெரியாத ஆயில்

மைத்துனன் ஆயில் திருடுகிறான் என்று தராசுக்காரர் முடிவு கட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அதற்கு அவரிடம் சாட்சி இருந்தது. ஆயில் டப்பாவின் பக்கவாட்டில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தார். போன வாரம் ஆயில் அந்தக் கோட்டில் நின்றது. இப்போது நன்றாகக் கீழே இறங்கியிருந்தது.

தராசுக்காரர் என்பது மற்றவர்கள் வைத்த பெயர். தானியக் கிடங்கு வாசலில் மூட்டை எடை போட்டே தலை நரைத்தவர். லாரிக்காரன் சொன்ன எடையை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. முதலாளி சொன்ன எடையையும்தான். ஓய்வு பெற்ற பிறகு போடுவதற்கு மூட்டை இல்லாமல் போனதால் வீட்டு ஆட்களை எடை போட ஆரம்பித்துவிட்டார் என்பாள் அவர் மனைவி.

வீட்டில் இருந்ததே மூன்று பேர். அவர், அவர் மனைவி, மனைவியின் தம்பி. தம்பி தையல்காரன். பெண்டாட்டி செத்து, கடையையும் மூடிவிட்டு, ஒரு தையல் மெஷினும் ஒரு பையுமாக வந்தவன் முன்னறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டு அங்கேயே தங்கிவிட்டான். வேலைக்காக வெளியூர் போன மகன் விட்டுப்போன மோட்டார் சைக்கிளை இரண்டு கிழவர்களும் பங்கு போட்டு ஓட்டினார்கள். காலையில் சந்தைக்கும் மருந்துக் கடைக்கும் இவர். மாலையில் துணிக்கடைகளுக்குப் போய், ஜிப் மாற்றவும் ஓரம் அடிக்கவும் துணி வாங்கி வர அவன்.

வண்டிக்கு ஆயில் மாற்றுவது வீட்டிலேதான். மெக்கானிக் கடையில் விடத் தராசுக்காரர் சம்மதிப்பதில்லை. "நாம தலையைத் திருப்பினா போதும், பழசையே திரும்ப ஊத்திட்டு புது டப்பாவை அடுத்தவனுக்கு வித்துடுவான்" என்பார். எந்தக் கடையில் அப்படி நடந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அது அனுபவம் அல்ல, குணம்.

அந்த வண்டியில் ஆயில் அளவு பார்க்க என்ஜினின் வலது பக்கத்தில், அடியில், பெரிய பொத்தான் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. நடுவே ஆயில் நின்றால் சரி. தராசுக்காரர் வாரந்தோறும் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்ப்பார். காலியாக இருக்கும். கொஞ்சம் ஊற்றுவார். அப்போதும் காலி. அதற்கு மேல் ஊற்றக் கை வராது, டப்பா தீர்ந்துவிடுமே என்று மூடி வைத்துவிடுவார். அடுத்த வாரமும் அதே கதை. இதற்கிடையில் வண்டி நீலமாகப் புகைய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அம்மா காயப்போட்ட துணியை முகர்ந்து பார்த்து, இவர் காதில் விழும்படி ஏதோ சொன்னாள். ஆயில் இல்லாமல் ஓடி ஓடி என்ஜின் வேகிறது என்று இவர் நினைத்துக்கொண்டார்.

கோடு காட்டிக் கொடுத்த அன்று நேராகப் போய்க் கேட்டார்.

"மச்சான், டப்பாவுல இருந்த ஆயில் எங்க?"

தையல்காரன் உதட்டில் இருந்த ஊசியை எடுத்துச் சட்டைக் காலரில் குத்தினான். "வண்டியில ஊத்தினேன் மாமா. கண்ணாடி காலியா இருந்துச்சு."

"இப்பவும் காலியாத்தானே இருக்கு?"

"அதான் எனக்கும் புரியல."

"எனக்குப் புரியுது. நானும் ஊத்தறேன். நீயும் ஊத்தினேன்ங்கற. கண்ணாடி காலி. அவ்வளவும் எங்க போச்சு? உன் மெஷினுக்கு ஊத்திட்டு வண்டி பேர்ல கணக்கு எழுதறியா?"

தையல்காரன் முகம் சிவந்துவிட்டது. "மாமா, என்ஜின் ஆயிலைத் தையல் மெஷினுக்கு எவனாவது ஊத்துவானா? பிசின் மாதிரி பிடிச்சுக்கும், துணியெல்லாம் கறையாயிடும். என்னைத் திருடன்னு வேணா சொல்லுங்க. தொழில் தெரியாதவன்னு சொல்லாதீங்க."

"சரி. திருடன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

தையல்காரன் எழுந்து மெஷினுக்கு உறை போட்டான். கட்டிலடியில் இருந்து பையை இழுத்தான். தன் மகன் வீட்டுக்குப் போகிறேன் என்றான். அங்கே அவனுக்குப் படுக்க இடம் கிடைக்கும், மெஷின் வைக்க இடம் கிடைக்காது. மருமகளுக்கு அந்தச் சத்தம் ஆகாது. மெஷின் இல்லாவிட்டால் அவன் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். இது மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்தும் தராசுக்காரர் தடுக்கவில்லை. சாட்சி கையில் இருக்கும்போது எப்படித் தடுப்பது?

மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள். "ஏங்க, இவன் போயிட்டா இந்த வீட்டுல நான் யார்கிட்ட பேசுறது?"

"நான் இல்லையா?"

"நீங்க பேசுறது பேச்சா? போலீஸ் விசாரணை." தம்பி பக்கம் திரும்பினாள். "டேய், நீயும் கொஞ்சம் நில்லு. ரெண்டு பேரும் அந்தத் துளியூண்டு கண்ணாடியையே பார்த்துக்கிட்டு இருக்கீங்களே, கீழ திறந்து விட்டா உள்ள எவ்வளவு இருக்குன்னு தெரியாதா?"

"தெரியும்" என்றார் தராசுக்காரர்.

"அப்ப திறங்க. காலியா இருந்தா இவன் போகட்டும். நானே வாசல் வரைக்கும் கொண்டு போய் விடுறேன்."

தராசுக்காரருக்கு இது பிடித்தது. அளந்து பார்ப்பது என்றால் அவருக்கு எப்போதும் பிடிக்கும். ஜெயிக்கப் போகிற அளவு என்றால் இன்னும் பிடிக்கும்.

ஆயில் இளகட்டும் என்று என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டார். முற்றம் முழுக்கப் புகை. அணைத்துவிட்டு அடியில் பழைய பேசினைத் தள்ளி, ஆயில் வடிக்கும் போல்ட்டை ஸ்பானரால் தளர்த்தி, கடைசித் திருகலை விரலால் கழற்றினார். கறுப்பாக, சூடாக, கையில் பட்டுக் கொட்டியது. கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. இதோடு நின்றுவிடும் என்று அவர் மனசுக்குள் கோடு போட்ட இடத்தைத் தாண்டியும் நிற்கவில்லை. தையல்காரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று பார்த்தான்.

"என்னங்க, கிணறு வெட்டிட்டீங்களா?" என்றாள் மனைவி.

சொட்டு அடங்கியதும் காலி டப்பா ஒன்றில் புனல் வைத்து ஊற்றினார். அந்த என்ஜின் கொள்வது ஒரே ஒரு டப்பா. டப்பா கழுத்து வரை நிறைந்தது. பேசினில் இன்னும் பாதி டப்பா மிச்சம் இருந்தது. புகையாகப் போனது போக, அவர் ஊற்றியதும் அங்கேதான் இருந்தது, மைத்துனன் ஊற்றியதும் அங்கேதான் இருந்தது. வண்டி பட்டினியால் புகையவில்லை. இரண்டு பேர் மாற்றி மாற்றி ஊட்டியதில் மூச்சு முட்டிப் புகைந்திருக்கிறது.

தராசுக்காரருக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கண்ணாடி மேல் கோபம்.

"அப்ப இது பொய் சொல்லுதா?"

"எனக்கென்ன தெரியும்" என்றான் தையல்காரன். "நான் திருடன்தானே."

தராசுக்காரர் வண்டியடியில் குனிந்தார். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முடுக்கினார். அடுத்த தடவைக்கு வாங்கி வைத்திருந்த புது டப்பாவைப் பிரித்து முழுவதையும் ஊற்றினார். என்ஜினை ஓட விட்டு, அணைத்து, ஆயில் கீழே இறங்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்தார். காலி. கண்ணெதிரே முழு டப்பா ஊற்றியும் காலி.

"பேசினை எடுத்துக்கறேன், வண்டியைக் கொஞ்சம் நகர்த்துடா" என்று மனைவி தம்பியிடம் சொன்னாள். அவன் அந்தப் பக்கம் வந்து ஹேண்டிலைப் பிடித்து, சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்ற வண்டியை நிமிர்த்தினான்.

தராசுக்காரர் இன்னும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் இருந்து தேன் நிறத்தில் ஆயில் மெல்ல ஏறி வந்து இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது.

"அசையாதே" என்றார்.

அவன் பதறி வண்டியைச் சாய்த்தான். ஆயில் இறங்கி மறைந்தது.

"நிமிர்த்து."

ஏறியது.

சென்டர் ஸ்டாண்டை மகன் எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டான். சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாய்ந்து நிற்கும். ஆயிலும் இடது பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். கண்ணாடி இருப்பதோ வலது பக்கம். தனி ஆளாக யார் பார்த்தாலும் காலிதான். ஒருவன் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், ஒருவன் குனிந்து பார்க்க வேண்டும். ஒருவனுக்குத் தெரியாமல் ஒருவன் பார்த்தால் வேறு என்ன தெரியும்?

"தட்டு சமமா நிக்காம எடை போட மாட்டேன்னு லாரிக்காரனையெல்லாம் திருப்பி அனுப்பின ஆளு" என்றாள் மனைவி. யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள்.

"எவ்வளவு இருக்கு?" என்று தையல்காரன் கேட்டான்.

"சரியா நடுவுல."

"நீங்க சொன்னா நான் எப்படி மாமா நம்பறது?"

தராசுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவர் சொன்ன அளவை அதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. சுருக்கென்று தைத்தது. ஆனாலும் எழுந்து போய் ஹேண்டிலை வாங்கிக்கொண்டார். பையை மாட்டிக்கொண்டு குந்த முடியாது. தையல்காரன் அதை இறக்கிப் படியில் வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்து குனிந்தான்.

வண்டி கனத்தது. பிடித்துக்கொண்டிருப்பவனுக்குக் கண்ணாடி தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கீழே இருப்பவன் என்ன சொல்கிறானோ அதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். அவன் பொய் சொன்னாலும் கையை விட முடியாது, விட்டால் வண்டி விழும். ஆயுசு முழுக்கத் தானே பார்த்து, தானே எழுதி, தானே கையெழுத்துப் போட்ட மனுஷன். இப்படி நின்று பழக்கம் இல்லை.

"சீக்கிரம் பாருடா. கை கடுக்குது."

"இருங்க. தொடைச்சுப் பார்க்கணும்ல."

துடைத்தான். டார்ச்சைத் தட்டினான். மறுபடி துடைத்தான். வேண்டுமென்றே செய்கிறான் என்று தராசுக்காரருக்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை.

"மச்சான்."

"ம்."

"திருடன்னது தப்பு."

கீழே இருந்து குரல் மட்டும் வந்தது. "மெஷினுக்கு ஊத்தினேன்னது?"

"அதுவும்தான்."

"சரியா கேக்கல மாமா. என்ஜின் சத்தம்."

"என்ஜினை அணைச்சு எவ்வளவு நேரம் ஆச்சு."

"அப்படியா." தையல்காரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "நடுவுலதான் இருக்கு" என்றான். கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே அக்காவைப் பார்த்தான். "மதியத்துக்கு எனக்கும் சேர்த்துத்தானே சமைச்சே?"

"நீ பையை இழுத்தப்பவே அடுப்புல வெச்சாச்சு" என்று அவள் பேசினைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தராசுக்காரர் வண்டியைப் பிடித்தபடியே மடங்கிப்போயிருந்த ஸ்டாண்டைக் காலால் துழாவினார். அகப்படவில்லை. தையல்காரன் சுற்றி வந்து குனிந்து அதைக் கையால் இழுத்து விட்டான்.