அறுபது மீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர்

நாளைக் காலை பத்து மணிக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. அரையாண்டில் எனக்கு முப்பத்தொன்று. அதில் பதினாறு, காம்பஸும் ஸ்கேலும் வாங்கிக் கொடுத்தவை. தொடுகோட்டுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு. தேற முப்பத்தைந்து வேண்டும். தேறாவிட்டால் அம்மாவோடு கேரட் கழுவப் போக வேண்டியதுதான். மார்கழியில் அந்தத் தண்ணீரில் நின்று வந்தால் அம்மாவின் விரல்களால் சீப்பைக்கூடப் பிடிக்க முடியாது.

இரவு பதினோரு மணியாகியும் ஒரு கணக்கு வரவே இல்லை. அம்மா தூங்கியதும் கடலுக்கு அப்பால் ஹட்டனுக்கு வீடியோ கால் போட்டேன். தாத்தா அங்கிருந்த தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி இந்த மலைக்கு வந்தபோது அவருடைய அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். முருகேஸ்வரி அக்கா அந்த அண்ணனின் பேத்தி. நம் பத்தாவது போல அங்கே நடக்கும் ஓ.எல். பரீட்சையைப் போன வருடம் எழுதித் தேறியவள்.

"எந்தக் கணக்குல பயம்?"

"கலங்கரை விளக்கம்க்கா. அறுபது மீட்டர் ஒசரம். உச்சியிலருந்து பாத்தா முப்பது டிகிரி எறக்கத்துல ஒரு கப்பல். எவ்வளவு தூரத்துல நிக்குது?"

அக்கா சிரித்தாள். "எங்க கணக்குக் கொப்பியிலயும் அதே கப்பல்தான் நிக்குது. ரெண்டு நாட்டுலயும் மலையில கெடக்குற புள்ளைககிட்டயே கேக்குறாங்க பாரு. நான் கடலப் பாத்ததே ரெண்டு தடவ."

சைன் போட்டு வந்த நூற்றிருபதைக் காட்டினேன்.

"அளவு வச்சுப் படம் கீறினியா?"

"எங்களுக்கு ஃபார்முலாதான்க்கா."

"எங்களுக்கு அளவிடைப் படமும் உண்டு. அடிமட்டத்த எடு, அதான் ஒங்க ஸ்கேலு. பத்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்."

வரைவதென்றால் எனக்குப் பயமில்லை. ஆறு சென்டிமீட்டர் உயரத்தை நிறுத்தினேன். உச்சியிலிருந்து முப்பது டிகிரி இறக்கினேன். கோடு தரையைத் தொட்ட இடத்தில் கப்பல். அளந்தால் பத்து புள்ளி நான்கு. அப்படியானால் நூற்று நான்கு மீட்டர். சாய்கோட்டையும் அளந்தேன், பன்னிரண்டு. இத்தனை நாளும் கப்பலின் தூரம் என்று நான் எழுதி வந்தது இந்தச் சாய்கோட்டைத்தான். டேன் போட்டேன். நூற்று மூன்று புள்ளி ஒன்பது இரண்டு.

"வந்திருச்சுக்கா."

"அஞ்சு மார்க்கு. முப்பத்தொண்ணோட சேத்துக்க."

"கப்பலுக்குப் பதிலா ஏரோப்ளேன் வந்தா?"

"அதையும் கீறு. வானத்துல நிக்கிறது எங்க போயிரும்?"

நான் சிரித்த சத்தத்தில் அம்மா புரண்டாள். "ஏ புள்ள, இந்நேரத்துல என்ன இளிப்பு?"

"கணக்குப் போடுறேம்மா."

"கணக்குப் போடுறவ மூஞ்சியா இது?"

அடுத்த கணக்கில் ஏரோப்ளேன் முந்நூறு மீட்டர் உயரத்தில் பறந்தது. அவசரத்தில் அதே அளவையே வைத்துவிட்டேன். கோடு நோட்டைத் தாண்டியது, பாயைத் தாண்டியது, சிமெண்ட் தரையில் போய்க்கொண்டே இருந்தது. பென்சிலைச் சீவிக்கொண்டு அதன் பின்னாலேயே தவழ்ந்தேன்.