குடிக்கிற வாளித் தண்ணீர்

மழைக்காலத்தில் பிளான்டயர் நகரில் காலராவுக்குப் பயந்து குடிதண்ணீர் வாளியில் குளோரின் சொட்டு விடாத வீடு கிடையாது. மீன்தொட்டிக்கு மட்டும் நான் குழாய்த் தண்ணீரைக் குளோரின் போகத் திறந்து ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவேன். ஏரியிலிருந்து வந்த நீல மீன்கள். ஒன்றுக்கு வெள்ளைப்புள்ளி நோய் கண்டிருந்தது.

சந்தைக்குப் போய்த் திரும்பினால், பாதி மீன்கள் மிதக்கின்றன. மீதி மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. விருந்தாட வந்திருந்த நாத்தனார் ஸியோனே சோபாவில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் என் கணவர்.

“தண்ணிய யாரு மாத்துனா?”

“நான்தான் அண்ணி. மீனு சீக்கா கெடந்துச்சு. பழசக் கொட்டிட்டு, குடிக்கிற வாளித் தண்ணிய ஊத்துனேன். கூட ரெண்டு சொட்டு மருந்தும் விட்டேன்.”

“கிருமியக் கொல்ற மருந்து மீன விட்டுவைக்குமாடி? தொட்டியத் தொடச் சொன்னது யாரு?”

“எங்கண்ணனுக்கு நேரத்துக்கு நிசிமாக் களி கிண்டிப்போட ஆளில்ல. மீனுக்கு வைத்தியமாம்.”

நான் ஆறவைத்த தண்ணீரை அள்ளி ஊற்றுவதற்குள் கடைசி மீனும் சாய்ந்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

“சந்தையில விக்கிற உசிப்பாப் பொடிமீன விடப் பெருசாத்தான் இருக்கு. மருந்துத் தண்ணியில செத்தது, காலரா பயமும் இல்ல. வறுத்துரவா?”

என் கணவர் எழுந்துபோய் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தார்.